பார்வையில்லாத பூனையைத் தத்தெடுப்பது: காப்பகத்தில் கேட்க வேண்டிய கேள்வி முதல் வீட்டுக் கதவைத் திறந்துவிடுவது வரை

பார்வையில்லாத பூனையைத் தத்தெடுக்கிறவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் சறுக்குகிறார்கள். முதலில் பூனை வீட்டுக்கு வந்துவிடுகிறது. பிறகு அது மலசலம் கழிக்கும் மணல் தட்டை எங்கே வைப்பது என்ற யோசனை. அதற்கும் பிறகுதான், கண் ஏன் போனது என்று மருத்துவரிடம் கேட்கிறார்கள். பார்வையுள்ள பூனை இந்தக் குளறுபடியைச் சமாளித்துவிடும். இந்தப் பூனையோ முதல் நாள் எது எங்கே இருந்ததோ அதை மனதில் பதித்துக்கொண்டுதான் நடமாடப்போகிறது. மூன்றாம் நாள் நீங்கள் தட்டை இடம் மாற்றினால், அது கஷ்டப்பட்டுக் கற்றதெல்லாம் வீண்.

அதனால் கீழே உள்ளவற்றை எண் வரிசையிலேயே செய்யுங்கள். முதல் நான்கும் பூனை உங்கள் வாசலுக்கு வருமுன் முடிந்திருக்க வேண்டும்.

1. கண் ஏன் போனது என்று கேளுங்கள்

"பாவம், கண் தெரியாது" என்பதோடு காப்பகத்தில் பேச்சை முடித்துவிடப் பார்ப்பார்கள். விடாதீர்கள். காரணத்தைப் பொறுத்துத்தான் இனி வரும் ஆண்டுகளின் வேலையும் செலவும்.

மீட்கப்படும் குட்டிகளிடம் அதிகம் பார்ப்பது பூனை ஹெர்பிஸ் வைரஸின் கைவரிசை. தும்மல், சளி, கண்ணில் பீளை என்று தொடங்கும். கவனிக்காமல் விட்டால் கார்னியா (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம்) புண்ணாகித் தழும்பேறிவிடும். சில குட்டிகளுக்குக் கண்ணையே எடுக்க நேரும். கண் போனாலும் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை, மன அழுத்தம் வரும்போது மறுபடி தலைகாட்டும். வீடு மாறுவதே ஒரு பூனைக்குப் பெரிய மன அழுத்தம் என்பதால், வந்த சில நாளில் தும்மத் தொடங்கினால் திகைக்க வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

வயதான பூனைக்குத் திடீரென்று பார்வை போயிருந்தால் முதல் சந்தேகம் உயர் ரத்த அழுத்தத்தின் மேல் விழ வேண்டும். அதற்குப் பின்னால் பெரும்பாலும் சிறுநீரக நோயோ தைராய்டு மிகைச் சுரப்போ இருக்கும். அழுத்தம் ஏறியதில் விழித்திரை பிரிந்து போயிருக்கும். ரத்த அழுத்தத்தின் மேல் அளவு (சிஸ்டாலிக்) 160-ஐத் தாண்டினால் உயர் அழுத்தம். 180-ஐத் தொட்டுவிட்டால் கண்ணோடு நிற்காது. மூளை, இதயம், சிறுநீரகம் எல்லாமே ஆபத்தில் இருக்கின்றன. இப்படிப்பட்ட பூனைக்குத் தினமும் மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கும். ரத்த அழுத்தம் அளந்தார்களா என்று கேளுங்கள். அளக்கவில்லை என்றால், தாளில் கையெழுத்துப் போடும் முன் அளக்கச் சொல்லுங்கள்.

குளுக்கோமா, அதாவது கண்ணுக்குள் அழுத்தம் ஏறும் நோய், வந்த கண் பார்வை போன பிறகும் வலித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் பயனற்றுப்போன, வலிக்கும் கண்ணை எடுத்துவிட்டு இமையைத் தைத்து மூடிவிடுகிறார்கள். இங்கேதான் பலரும் தவறாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். தைத்து மூடிய முகத்தைப் பார்த்துத் தயங்கி, கண் பளபளவென்று இருக்கிற பூனையைக் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், முதல் முறை தத்தெடுக்கிறவருக்கு நான் கைகாட்டுவது தைத்து மூடிய பூனையைத்தான். சொட்டு மருந்து இல்லை, வலி இல்லை, புண் ஆறிவிட்டால் கண்ணுக்கென்று தனி வேலையே இல்லை.

கூடவே எஃப்ஐவி (பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்), எஃப்இஎல்வி (பூனை ரத்தப் புற்றுநோய் வைரஸ்) பரிசோதனை முடிவுகளையும் கேட்டு வாங்குங்கள். இந்த இரண்டு வைரஸ் தொற்றுகளிலும் கண்ணுக்குள் அழற்சி வரலாம். வீட்டில் வேறு பூனை இருந்தால் இந்த முடிவைப் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

2. பார்வை எவ்வளவு மிச்சம் என்று நீங்களே பாருங்கள்

"பார்வையில்லை" என்ற சொல்லுக்குள் பல நிலைகள் அடக்கம். வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரிகிற பூனை உண்டு, நகர்கிற நிழல் தெரிகிற பூனை உண்டு, ஒரு கண் மட்டும் தெரிகிற பூனை உண்டு.

முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. அதில் ஏமாந்துபோவோம். கை ஆடும்போது கிளம்பும் காற்று மீசையில் பட்டுவிடும், பூனை கண்ணைச் சிமிட்டும், "ஐயோ தெரிகிறதே!" என்று நாம் மகிழ்ந்துவிடுவோம். அதைவிடப் பஞ்சு உருண்டை நல்லது. விழும் சத்தமும் இல்லை, காற்றும் இல்லை. பூனைக்கு ஓரடி முன்னால் மேலிருந்து போடுங்கள். தலை அதைத் தொடர்ந்தால் கொஞ்சமாவது தெரிகிறது.

வெளிச்சம் பட்டுக் கண்மணி சுருங்குவதை வைத்தும் பார்வை இருப்பதாக முடிவு செய்யக் கூடாது. பார்வையில்லாத சில பூனைகளுக்கும் அது சுருங்கும்.

இன்னொரு பொறி: தன் கூண்டுக்குள் அந்தப் பூனை அச்சுப் பிசகாமல் நடக்கும், தாவும், கிண்ணத்துக்கு நேராகப் போய் நிற்கும். அதற்கு அந்த இடம் மனப்பாடம். அறிமுகமில்லாத அறை ஒன்றில் விட்டுக் காட்டச் சொல்லுங்கள். அங்கே அது வயிறு தரையை உரச, சுவரோரமாகப் பம்மிப் பம்மி நடப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டின் முதல் வாரம் அப்படித்தான் இருக்கும்.

ஒரு கண் மட்டும் தெரியும் பூனை என்றால் இந்த வழிகாட்டியில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. தெரிகிற கண் இருக்கும் பக்கமாக அணுகுங்கள், அது போதும்.

3. வாங்கி வைக்க வேண்டியவை, கேட்டு வாங்க வேண்டியவை

மேலே திறக்கும் கேரியர் (பூனையைத் தூக்கிச் செல்லும் பெட்டி), அகலமான மணல் தட்டு, தள்ளினால் நகராத கனமான கிண்ணங்கள், தொட்டால் வேறுபாடு தெரிகிற இரண்டு மூன்று மிதியடிகள், மாட்டிக்கொண்டால் தானே விடுபடும் கழுத்துப்பட்டை. தட்டின் நீளம் பூனையின் மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரையிலான அளவைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கட்டும். ஒரு பக்கமாவது விளிம்பு தாழ்வாக இருக்க வேண்டும்.

காப்பகத்திடம் கேட்டு வாங்க வேண்டியவை இன்னும் முக்கியம்: அது படுத்த துணி, துவைக்காமல். அங்கே போடும் அதே மணல், அதில் பயன்படுத்தியது ஒரு கைப்பிடி. அங்கே தின்னும் அதே தீனி, இரண்டு வாரத்துக்கு. பயன்படுத்திய மணலைப் பையில் கட்டிக் கொண்டுவர யாருக்கும் பிடிக்காதுதான். ஆனால் புது வீட்டில் தட்டு எது என்று பூனைக்குச் சொல்லிக் கொடுக்க அதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

கருத்தடையும் மைக்ரோசிப்பும் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். கதவு திறந்த நேரத்தில் வெளியே போய்விட்டால், பார்வையுள்ள பூனை மாதிரி இது தானாகத் திரும்பி வர வாய்ப்பு குறைவு.

4. ஒரே ஓர் அறையைத் தயார் செய்யுங்கள்

முழு வீட்டையும் தயார் செய்யத் தொடங்கினால் எதுவும் உருப்படியாக முடியாது. சின்னதாக, ஆள் நடமாட்டம் குறைவாக, கதவை மூடிவைக்கக்கூடியதாக ஓர் அறை போதும். சிறிய அறையைப் பூனை விரைவில் மனப்பாடம் செய்யும்.

முதலில் மண்டியிட்டு உட்காருங்கள், பிறகு பூனையின் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தி அறையைச் சுற்றி வாருங்கள். மேசை விளிம்பு, கட்டிலின் கூரான மூலை, தொங்கும் வயர், அலமாரிக்கும் சுவருக்கும் இடையே தலை நுழைந்து உடல் நுழையாத சந்து, எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். கூரான மூலைகளுக்குத் தடித்த துணி சுற்றுங்கள். சந்துகளை அடைத்துவிடுங்கள். பயந்த பூனை முதலில் தேடுவது இப்படிப்பட்ட சந்துகளைத்தான், உள்ளே போனால் நாள் கணக்கில் வராது.

பிறகு இடங்களை நிரந்தரமாக்குங்கள். படுக்கை சுவரோரமாக, முதுகுப்புறம் அடைப்பாக. தட்டு ஒரு மூலையில். தீனியும் தண்ணீரும் தட்டிலிருந்து தூரமாக, ஆனால் அதே சுவரை ஒட்டி. ஒரே சுவரை ஒட்டி வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: மீசையைச் சுவரில் உரசிக்கொண்டு நடந்தாலே மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும். வழிதவறவே முடியாது. மீசை முகத்தில் மட்டுமில்லை, முன்னங்காலின் மணிக்கட்டுக்குப் பின்னாலும் உண்டு. பூனையின் கைத்தடி அவைதான். அழகுக்கென்று யாராவது வெட்டிவிட்டால் அது வளரும்வரை பூனை தடுமாறும்.

தட்டுக்கு முன்னால் ஒரு சொரசொரப்பான மிதியடி, கிண்ணங்களுக்குக் கீழே வழவழப்பான வேறொன்று. பாதம் பட்டவுடன் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும்.

வாசனை விஷயத்தில் நல்லெண்ணத்தோடு கெடுக்கிறவர்கள் அதிகம். அறைக்கு நறுமணத் தைலம் தெளிக்காதீர்கள். டீ ட்ரீ போன்ற தைலங்கள் பூனைக்கு நஞ்சு. அதோடு, பூனை தன் கன்னத்தை உரசி விட்டுச்சென்ற அடையாளங்களை அந்த நெடி மூடிவிடும். வாசனை மணலும் வேண்டாம். படுக்கைத் துணிகளையும் ஒரே நாளில் மொத்தமாகத் துவைக்காமல், பாதியை இன்று, மீதியை அடுத்த வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5. கூட்டிவரும் நாள்

விடுமுறைக்கு முந்தைய நாளாகப் பார்த்துக் கூட்டிவாருங்கள். முதல் இரண்டு நாள் வீட்டில் ஆள் இருப்பது நல்லது. விருந்தினர் வேண்டாம்.

கேரியரில் அதன் பழைய துணியை விரித்து, வண்டியில் அசையாதபடி கட்டுங்கள். வழியில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே வாருங்கள். உங்கள் குரலை அது கற்றுக்கொள்ளும் முதல் பாடம் இதுதான்.

அறைக்குள் போனதும் கேரியரைத் தட்டுக்குப் பக்கத்தில், கதவு தட்டைப் பார்த்திருக்கும்படி வைத்துத் திறந்துவிடுங்கள். வெளியே இழுக்காதீர்கள். ஒரு மணி நேரமானாலும் தானாக வரட்டும். அது முதலில் மிதிப்பது தட்டின் மணலாக இருந்தால், அறையின் மையம் எதுவென்று அதற்குப் புரிந்துவிடும். இனி எப்போது குழம்பிப்போய் நடுவில் நின்று கத்தினாலும், தூக்கிக்கொண்டுபோய் விட வேண்டிய இடமும் இதுவே.

கேரியரை வெளியே எடுக்க வேண்டாம். முதல் வாரம் அதுவே குகை.

6. முதல் வாரம்: குரல் முதலில், கை பிறகு

தொடுவதற்கு முன் பேசுங்கள். ஒவ்வொரு முறையும். தூங்குகிற பூனையின் மேல் திடீரென்று கை பட்டால், எந்த மென்மையான பூனையும் கடிக்கும். அதைக் "குணம் சரியில்லை" என்று சொல்லித் திருப்பிக் கொண்டுவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். குணம் சரியாகத்தான் இருந்தது. எச்சரிக்கைதான் வரவில்லை.

பேசிவிட்டு, கையை மூக்கருகில் நீட்டி முகர விடுங்கள். பிறகு எப்போதும் ஒரே இடத்தில், தோளிலோ கன்னத்திலோ, தொட்டுத் தொடங்குங்கள்.

சில சொற்களை முதல் நாளிலிருந்தே ஒரே மாதிரி சொல்லிப் பழக்குங்கள். தூக்கும் முன் "தூக்கு". எதிலாவது மோதப்போகும்போது "நில்". தீனி வைக்கும்போது கிண்ணத்தை இரண்டு தட்டு. "நில்" என்பதை அலறிச் சொன்னால் பயந்து இன்னும் வேகமாக ஓடி மோதும். சாதாரணக் குரல் போதும்.

தூக்கிய பூனையை எந்த இடத்திலும் இறக்கிவிடாதீர்கள். இந்த ஒரு தவறு எல்லா வீட்டிலும் நடக்கிறது. கொஞ்சுவதற்காகத் தூக்கி, நாலடி நடந்து, அறையின் வேறொரு பக்கத்தில் இறக்குகிறோம். கண்ணைக் கட்டிச் சுற்றிவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது அதற்கு. தட்டருகிலோ படுக்கையிலோ நான்கு பாதமும் தரையில் படும்படி வைத்து, ஒரு நொடி பிடித்திருந்துவிட்டு விடுங்கள்.

அதேபோல், ஒவ்வொரு அடிக்கும் குறுக்கே ஓடி வழிகாட்டவும் வேண்டாம். பூனையைச் சுற்றி நாம் குட்டிபோட்ட பூனை மாதிரி அலைந்தால், அது நம் காலடிச் சத்தத்தைத்தான் படிக்கும், அறையைப் படிக்காது. மெல்ல மூக்கு இடித்துக்கொள்ளட்டும். மறுமுறை அங்கே விலகிப் போகும்.

முதல் நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம். 24 மணி நேரம் தாண்டியும் எதையும் தொடவில்லை என்றால் மருத்துவரை அழையுங்கள். குட்டிகளுக்கு அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதுவும் பருமனாக இருந்தால், கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

7. கதவைத் திறப்பது

எத்தனை நாளில் என்று கேட்பார்கள். நாள் கணக்குப் பார்க்காதீர்கள், நடையைப் பாருங்கள். வயிற்றைத் தாழ்த்தாமல், வாலை உயர்த்தி, தட்டுக்கும் கிண்ணத்துக்கும் நேராக நடக்கிறதா? அப்படியானால் கதவைத் திறக்கலாம். சில பூனைகள் நாலே நாளில் தயாராகும், சிலதுக்கு ஒரு மாதம்.

ஒரு நேரத்தில் ஓர் இடம்தான். அடுத்த அறையை மட்டும் திறந்து மற்றவற்றை மூடுங்கள். பழைய அறைக் கதவு எப்போதும் திறந்தே இருக்கட்டும், பயந்தால் ஓடிவர ஓர் இடம் வேண்டும். அந்தக் கதவை யாராவது பாதி மூடி வைப்பார்கள், அதுதான் மோசம். முழுக்கத் திறந்த கதவும் முழுக்க மூடிய கதவும் பூனைக்குப் பிரச்சினை இல்லை. பாதி திறந்த கதவின் விளிம்பு நேராக முகத்தில் படும்.

இங்கே மாற வேண்டியது வீட்டில் உள்ளவர்களின் பழக்கம். நாற்காலியை உள்ளே தள்ளுவது, பையைத் தரையில் போடாமல் இருப்பது, அலமாரிக் கதவை மூடுவது. ஒருமுறை நானே துடைப்பத்தை நடைபாதையின் குறுக்கே சாய்த்துவிட்டு மறந்துபோனேன். ஆறு மாதமாக அந்தப் பாதையில் ஓடிப் பழகிய பூனை, முழு வேகத்தில் வந்து மோதியது. அடி பெரிதாக இல்லை, ஆனால் அடுத்த இரண்டு வாரம் அந்த இடத்தில் சுவரோரமாக ஊர்ந்துதான் போனது.

8. படிக்கட்டு, உயரம், ஜன்னல்

படிக்கட்டுக்கு முதல் நாளிலேயே தடுப்பு வையுங்கள். பூனை வீட்டை முழுதாகக் கற்ற பிறகு பழக்கலாம். ஏறுவது எளிது, இறங்குவதில்தான் பயம். அதனால் இறங்குவதைக் கீழிருந்து கற்றுக்கொடுங்கள்: கடைசிப் படியில் வைத்து, தரையில் தீனியைத் தட்டி அழையுங்கள். அது வந்துவிட்டால் மறுநாள் இரண்டாம் படி. எங்கே தொடங்கினாலும் முடிவு அதற்குத் தெரிந்த தரையாகவே இருக்கும். மேல்படியின் விளிம்பில் ஒரு சொரசொரப்பான மிதியடி போட்டுவிட்டால், அங்கே தளம் முடிகிறது என்று பாதம் சொல்லிவிடும்.

உயரமான இடங்களை மொத்தமாகத் தடுக்க வேண்டியதில்லை. நகத்தால் பிடித்து ஏறக்கூடிய, ஆடாத தூணும் அகலமான மேடையும் இருந்தால் நன்றாகவே ஏறும். அதை ஒருபோதும் நகர்த்தாதீர்கள், அவ்வளவுதான்.

ஜன்னலுக்கும் பால்கனிக்கும் உறுதியான வலை கட்டாயம். கழிப்பறை மூடி, துணி துவைக்கும் இயந்திரத்தின் கதவு, சூடான அடுப்பு, இவற்றை நினைவில் வையுங்கள். தனியாக வெளியே விடுவது அறவே கூடாது.

9. வீட்டில் ஏற்கெனவே பூனையோ நாயோ இருந்தால்

இரண்டு வாரம் தனி அறை. நோய் பரவாமலிருக்க மட்டுமில்லை, வாசனை பழகவும்தான். இரண்டின் படுக்கைத் துணிகளையும் ஒன்றுக்கொன்று மாற்றி மாற்றிப் போடுங்கள். பிறகு மூடிய கதவின் இரு பக்கமும் தீனி வையுங்கள். சீறாமல் தின்னத் தொடங்கியபின்தான் நேருக்கு நேர், அதுவும் சில நிமிடங்கள்.

இங்கே ஒரு சிக்கல், பலர் அறியாதது. பூனைகள் பேசுவது பெரும்பாலும் உடம்பால்: முறைப்பு, மடிந்த காது, அடிக்கும் வால். பார்வையில்லாத பூனை அதையெல்லாம் காணாது. "கிட்டே வராதே" என்று மற்றது முறைத்துக்கொண்டிருக்க, இது நேராக அதன் மூக்கில் போய் முட்டும். பூனை நாகரிகத்தில் அது பெரிய மரியாதைக் குறைவு, அடி விழும். பழைய பூனை கெட்டது என்று அதைத் திட்டாதீர்கள். அதன் கழுத்தில் சின்ன மணி கட்டினால், வருவதும் போவதும் புதியதற்குத் தெரியும். பழையதற்கு ஏறித் தப்ப ஓர் உயரமான இடம் கொடுங்கள். தட்டுகள், பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதல்.

நாய் என்றால் முதல் சந்திப்புகள் எல்லாம் கயிற்றில்தான். ஓடுவதைத் துரத்தும் நாய் உள்ள வீட்டுக்கு இந்தப் பூனையைக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

காப்பகத்தில் அது இன்னொரு பூனையோடு ஒட்டிப் படுத்திருந்தால், இரண்டையும் சேர்த்து எடுக்க முடியுமா என்று யோசியுங்கள்.

10. விளையாட்டு

லேசர் வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை. சலசலக்கும் காகிதம், மணி உள்ள பந்து, தரையில் இழுத்தால் சத்தமெழுப்பும் கயிறு, கேட்னிப் (பூனைகளை மயக்கும் மணமுள்ள செடி) அடைத்த பொம்மை. கேட்னிப்புக்கு எல்லாப் பூனைகளும் மயங்குவதில்லை, சில மாதக் குட்டிகள் கண்டுகொள்ளாது. பந்தை அகலமான தாம்பாளத்துக்குள் போட்டுக் கொடுத்தால் உருண்டு தொலையாது. இதைத் தவிர்த்துவிடாதீர்கள்: விளையாடாத பூனை இரவில் கத்தும். உறங்கப் போகுமுன் விளையாட்டு, அதன்பின் தீனி என்று நேரத்தை நிலையாக வைத்தால், அதுவே அதற்குக் கடிகாரம்.

11. கண்ணும் மருத்துவரும்

கண் இருந்தால் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். இடுக்குவது, நீர் வடிவது, காலால் தேய்ப்பது, கண் பெரிதாகத் தெரிவது, எதுவானாலும் வலி என்றே எடுத்துக்கொண்டு அன்றே காட்டுங்கள். தைத்து மூடிய இடம் வீங்கினாலோ கசிந்தாலோ அதுவும் அப்படியே.

பீளையைத் துடைக்க உப்புநீர்க் கரைசலோ கொதித்து ஆறிய நீரோ போதும். ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக.

வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை ஊற்றவே கூடாது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு கார்னியாப் புண்ணில் பட்டால் புண் ஆழமாகிக் கண்ணே ஓட்டையாகலாம். மிச்சப் பார்வை உள்ள பூனைக்கு ஆன்டிபயாடிக் எழுதும்போது, பார்வை விஷயத்தை மருத்துவருக்கு நினைவூட்டுங்கள். என்ரோஃப்ளாக்சசின் அளவு மீறினால் பூனையின் விழித்திரையைக் கெடுக்கும். தீனி, பூனைக்கென்றே தயாரித்ததாக இருக்கட்டும். நாய்த் தீனியில் டாரின் என்ற, பூனைக்கு அவசியமான சத்து போதாமல் போகலாம், அதன் குறையாலும் விழித்திரை அழியும், அழிந்தது திரும்பாது.

12. வீடு மாறினால்

மேசையை நகர்த்துவது போன்ற சின்ன மாற்றம் என்றால், பூனை விழித்திருக்கும்போது அதன் எதிரிலேயே சத்தத்தோடு நகர்த்துங்கள். பிறகு அந்த இடத்துக்குக் கூட்டிப்போய் முகர விடுங்கள். ஒரு நாளில் ஒரு பொருள்தான்.

வீடே மாறுகிறதென்றால் மேலே 4-ஆம் எண்ணில் சொன்னதிலிருந்து தொடங்குங்கள். துவைக்காத படுக்கை, பழைய தட்டு, அதே மிதியடிகள். புது அறையிலும் தட்டு, படுக்கை, கிண்ணம் மூன்றும் ஒரே சுவரில், பழைய வரிசையில். சாமான் இறங்கும் நாளன்று பூனையின் அறையைப் பூட்டி, சாவியை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.